மாப்பிள்ளை உட்கார ஒரு பந்தல்

அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க, அது மாப்ளைங்க உக்கார்ற சேரு. இங்க வாங்க, இந்தத் தொவைக்கற கல்லு மேல உக்காருங்க. காலைலயே கழுவி உட்டன், காஞ்சு போச்சு. நெழலும் இங்கதான் இருக்குது. காபி குடிப்பீங்கல்ல? சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கறன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சக்கர கம்மி.

கொஞ்சம் மெதுவாப் பேசோணுங்க. உள்ள எம்பொண்ணு கோகிலா தச்சுட்டு இருக்கறா. மிஷின் சத்தம் கேக்குதில்லீங்க? அது ஓடற வரைக்கும் நாம பேசலாம். எனக்கு எடது காது அத்தனைக்குப் பத்தாது, நீங்க இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. ஆங், இப்பச் சரி.

அவதான் போன் பண்ணி உங்களப் பட்டறைல இருந்து வரச் சொன்னான்னு தெரியும். தோட்டத்துல ஒண்ணு கட்டோணும், அதுக்கு அளவெடுக்க வந்திருக்கறீங்க. எடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அவ சொன்னத அப்படியே கட்டிராதீங்க. அதச் சொல்லத்தான் உங்கள வாசக் கேட்டுக்கிட்டயே நிறுத்திக் கூட்டிட்டு வந்தன். வீட்டுக்குப் பெரியவ நான் ஒருத்தி இருக்கறன்ல?

உங்க போன்ல படம் வெச்சிருக்கறதாச் சொன்னீங்களே, காட்டுங்க. இது என்னங்க, ஆறு மூலையும் மேல ஒரு கலசமும்? இதுக்குள்ள போய் உக்காந்தா யாராச்சும் வந்து தீபாராதன காட்டிருவாங்க. தள்ளுங்க. இது? மேல வெறுங் கட்டையா அடிச்சு உட்டிருக்குது, கூரையே காணோம். பர்கோலாவா? பேரென்னமோ நல்லாத்தான் இருக்குது. வெயிலடிச்சாக் காயறதுக்கும் மழ பேஞ்சா நனையறதுக்கும் எதுக்குங்க கட்டோணும்? சும்மா வாசல்ல நின்னாப் போதுமே. தள்ளுங்க, தள்ளுங்க. இந்தத் தகர ஷெட்டு வேண்டாம், கோழிப் பண்ணையாட்ட இருக்குது.

இதுங்க! இது, இது. நிறுத்துங்க. நாலு பக்கமும் கம்பம், மேல ஓட்டு டிசைன்ல சீட்டு, இடுப்பளவுக்குக் கம்பி, உள்ள சாஞ்சு உக்கார்ற மாதிரி பெஞ்சு. இதுதான் எனக்கு வேணும். கேட்டுக்குப் பக்கத்துல அந்த நித்யமல்லிக் கொடி இருக்குது பாருங்க, அங்க போட்டீங்கன்னா வர்றவங்களுக்கு வசதி. மேல ஒரு காத்தாடி மாட்டிக் குடுங்க. காபி டம்ளர் வெக்கறதுக்குச் சின்னதா ஒரு மேடை. பெஞ்சு மேல மெத்துன்னு ஏதாச்சும் போட்டா இன்னும் நல்லது. வெயிலு துளி கூட மேல படக் கூடாது. அதுதான் முக்கியம், மறந்துறாதீங்க.

யாரு உக்காருவாங்கன்னா... வர்றவங்க, போறவங்க. ஒறம்பரைக, சொந்தக்காரங்க வருவாங்கல்ல.

சரி, அவ என்ன கேட்டிருக்கறா? உங்ககிட்டச் சொல்லியிருப்பா. வீட்டுக்குப் பின்னால பொடக்காளில, கெணத்துக்கும் மதிலுக்கும் நடுவுல, நாலு பக்கமும் செவுரு வெச்சு ஒரு ரூம்பு. ஒரே ஒரு கதவு, அதும் இரும்புல. ஜன்னலு ஆள் ஒசரத்துக்கு மேல, கம்பி போட்டு. செவுத்துக்குத் தகரச் சீட்டு வேண்டாமாம், கல்லு வெச்சுத்தான் கட்டோணுமாம், வெளிச் சத்தம் உள்ள கேக்கக் கூடாதாம். ரோட்டுல லாரி போறது அவளுக்கு எரிச்சலா இருக்குதோ என்னமோ. அப்பறம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா. ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு. ஏனுங்க, நகைக் கடையா வெக்கப் போறா? ரவிக்கைக்கு ஆரி வேல சொல்லிக் குடுக்கறா, நாலு புள்ளைக வர்றாங்க. பூவும் கொடியும் போடற வேலைக்கு வெளிச்சம் வேண்டாமுங்களா? காத்து வேண்டாமா? செடியப் பாத்துட்டே ஊசி புடிச்சாக் கை தானா ஓடும். பொடக்காளி ரூம்புக்கு உள்பக்கம் எதுக்குங்க தாழ்ப்பா? எனக்கு வெளங்கவே இல்ல.

இருங்க.

மிஷின் நின்னுருச்சு.

இல்ல, இல்ல. ஓடுது. நூலு மாத்தியிருப்பா. நீங்க குடிங்க. இப்படித்தான் ஆகிப் போச்சு எனக்கு. குக்கர் விசிலடிச்சாத் தூக்கி வாரிப் போடுது. பால்காரன் மணியடிச்சாத் தூக்கி வாரிப் போடுது. பயமுங்க தம்பி. வெளிய சொல்றதில்ல, ஆனா இருக்கறதச் சொல்றன், பயத்துலயே விடியுது, பயத்துலயே பொழுது போவுது. வண்டிச் சத்தம் எனக்குக் கேக்கறதுக்கு முன்னாலயே அவளுக்குக் கேட்ரும். மிஷின் நின்னுச்சுன்னா மாப்ளைங்க வர்றாங்கன்னு அர்த்தம்.

எங்க மாப்ளைங்க, கோகிலாவக் கட்டுனவங்க, ராசிபுரம் பக்கம். சொந்தத்துல தறி ஓட்டறாங்க. குடிக்க மாட்டாங்க, பீடி சிகரெட்டு கெடையாது. பெரியவங்களக் கண்டா எந்திரிச்சு நிப்பாங்க. என்னைய எப்பவும் வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க, அத்தங்கற வார்த்த இல்லாம ஒரு பேச்சு வராது. அப்படிப்பட்ட மரியாதக்காரங்க. கோவம் வந்தா மட்டுந்தான். எல்லாத்துக்கும் ஒரு கொற இருக்குமில்லீங்க? போன ஐப்பசில இவ பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டா. குளிக்கறப்பத்தான் முதுகப் பாத்தன்.

அப்பாகிட்டச் சொல்லலாம்னா எங்கூட்டுக்காரரு ரிக் வண்டில இருக்கறாங்க. போர் போடற வண்டி. இப்பச் சத்தீஸ்கர்ல ஏதோ காட்டுக்குள்ள. அங்க மழ புடிச்சாத்தான் வண்டி ஊருக்குத் திரும்பும். போன் கெடைக்கறப்பப் பேசுவாங்க. 'நான் வர்ற வரைக்கும் பகைச்சுக்காத சம்பூரணம், அனுசரிச்சுப் போ'ன்னு சொல்லிருக்கறாங்க. நானும் அனுசரிச்சுத்தான் போறன். மழ வரோணும். தெனமும் டிவில அந்த ஊரு மழையத்தான் பாக்கறன், நம்மூரு மழையப் பாக்கறதில்ல.

மொதத் தடவ மாப்ளைங்க வந்தது தை மாசம். புல்லட் சத்தம் கேட்டதும் நாந்தான் ஓடிப் போய்க் கேட்டத் தொறந்தன். 'வாங்க மாப்ள'ன்னு கூப்டு, சொம்புல தண்ணி குடுத்து, ஹால்ல இந்தச் சேரப் போட்டு உக்கார வெச்சன். வீடு தேடி வந்த மாப்ளைய வேற என்னங்க பண்ணச் சொல்றீங்க? அவ ரூம்புக்குள்ள போய்த் தாழ்ப்பாப் போட்டுக்கிட்டா. அவங்க தண்ணியக் குடிச்சாங்க, சொம்பக் கீழ வெச்சாங்க, எந்திரிச்சுப் போய்க் கதவத் தட்டுனாங்க. மொதல்ல மெதுவாத்தான். அப்பறம் தட்டுன தட்டுல செவுத்துல இருந்த காலண்டர் கீழ உழுந்துருச்சு. அக்கம்பக்கம் கேட்ருமேன்னு ஒரு பக்கம், கதவ ஒடச்சுருவாங்களோன்னு ஒரு பக்கம். நானும் போய்த் தட்டுனன். 'கோகிலா, அம்மாதான் கண்ணு. தொற. நான் நிக்கறன்ல, ஒண்ணும் ஆகாது'ன்னன்.

எங்குரலக் கேட்டதும் தொறந்துட்டா.

அப்பறம் என்ன. கைய முறுக்கிட்டாங்க. சோத்தாங்கை இல்ல, நல்லவேள, எடது கை. எலும்பு இத்தன மெல்லிசுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் பக்கத்துலயேதான் நின்னன், சொன்ன மாதிரி. நின்னுட்டேதான் இருந்தன். கட்டுப் போடற எடத்துல 'பாத்ரூம்ல வழுக்கிருச்சு'ன்னு நானே சொன்னன், வேற என்னத்தச் சொல்றது? அவ எம்மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. அன்னைல இருந்தே அவ எங்கிட்ட அத்தனையாப் பேசறதில்ல. நல்ல புள்ளைங்க. எதுத்து ஒரு வார்த்த சொல்ல மாட்டா.

அடுத்த தடவ வந்தப்ப நான் ஒரு ரோசன பண்ணுனனுங்க. வீட்டுக்குள்ள கூப்ட்டாத்தான வம்பு? கேட்டுக்கிட்ட நிக்க வெச்சாலும் மரியாத இல்ல. அதனால இந்தச் சேரத் தோட்டத்துல, செம்பருத்திக்குப் பக்கத்துல கொண்டாந்து போட்டன். துண்டு போட்டு, பக்கத்துல முக்காலி வெச்சு, காபி, முறுக்கு. 'காத்தோட்டமா உக்காருங்க மாப்ள'ன்னன். உக்காந்துட்டாங்க! எனக்கே நம்ப முடியல. ஒரு சத்தமில்ல, ஒரு சண்ட இல்ல. உச்சி வெயிலு வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க. கை பாட்டுக்குச் செம்பருத்திக் கெளைய ஒண்ணொண்ணா ஒடிச்சுக் கீழ போட்டுட்டே இருந்துச்சு. கண்ணு மட்டும் அவ ஜன்னல உட்டு எடுக்கல. பட்டு, பட்டுன்னு கெள ஒடியற சத்தம். அதக் கேக்கறப்பெல்லாம் எனக்கு அவ கைதான் ஞாபகம் வந்துச்சு. போறப்ப, 'காபி நல்லா இருந்துச்சுங்க அத்த'ன்னாங்க.

அந்தச் செடியப் பாருங்க. மொட்டையா நிக்குதில்ல? வர்றப்பெல்லாம் ஒடிச்சு ஒடிச்சு இப்ப ஒடிக்க ஒண்ணுமில்ல.

போன தடவ வந்தப்பத்தான் தப்பாகிப் போச்சு. நம்ம திருச்செங்கோட்டு வெயிலச் சொல்லோணுமா, பங்குனி பொறந்ததுமே மண்டையப் பொளக்குது. கொஞ்ச நேரம் உக்காந்தாங்க, வேர்வையத் தொடச்சாங்க. சேர உட்டு எந்திரிச்சுட்டாங்க. 'உள்ள போய்ப் பேசிக்கறனுங்க அத்த'ன்னு வாசப்படி வரைக்கும் வந்துட்டாங்க. உள்ள சுத்தமாச் சத்தமில்ல. நான் கையெடுத்துக் கும்புட்டன் தம்பி, பெத்த மகனாட்ட இருக்கறவங்களக் கையெடுத்துக் கும்புட்டன். எளநி வெட்டறன், வெட்டறன்னு ஓடிப் போய் வெட்டிக் குடுத்தன். வெட்டுன அருவாள முந்தானைக்குள்ள மறச்சுக் கொண்டு போய்க் கெணத்துல போட்டன். அது இன்னும் கெணத்துக்குள்ளதான் கெடக்குது. எளநியக் குடிச்சதும் மனசு எறங்கிப் போயிட்டாங்க.

அன்னைக்குத்தான் தோணுச்சு, வெளியவே நல்ல எடமா, நெழலா, காத்தாடி சுத்தற மாதிரி ஒண்ணு இருந்துட்டா அவங்களுக்கு உள்ள வரோணும்னே தோணாதில்லீங்க? வந்தாங்களா, உக்காந்தாங்களா, காபி குடிச்சாங்களா, போனாங்களா. அவளும் உள்ள நிம்மதியாத் தைக்கலாம். மழக்காலம் வரைக்கும் அப்படியே ஓட்டிட்டா அவங்கப்பா வந்துருவாங்க. அதுக்குத்தான் சொல்றன், அந்த நாலு கம்பம் வெச்சதையே போடுங்க. பெஞ்சு நல்லா அகலமா இருக்கட்டும்.

என்னங்க? கேட்டப் பூட்டறதா?

அய்யோ, என்ன தம்பி பேசறீங்க. மாப்ளைங்க வந்து நிக்கறப்பக் கேட்டப் பூட்டறதா? உங்க வீட்டுல உங்க அக்கா மாப்ளைய அப்படிப் பண்ணுவீங்களா? நாள் பின்ன அவங்க ஒண்ணு சேரோணும், ஒரு நல்லது கெட்டதுக்கு நான் அவங்க மூஞ்சில முழிக்கோணும். பூட்டு என்னமோ இருக்குது. அதோ, கேட்டு மேலயே சங்கிலியோட தொங்குது. ஊருக்குப் போறப்ப மட்டும் பூட்டறதுக்கு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாம்னு அவ ஒருக்காச் சொன்னா. அப்பா வரட்டும்னு நாந்தான் சொன்னன். அத்தோட அந்தப் பேச்சையும் உட்டுட்டா.

ஏந்தம்பி தலையக் குனிஞ்சுக்கறீங்க? காபி புடிக்கலயா?

சொல்லுங்க. பாதில நிறுத்தாதீங்க. அவ உங்ககிட்ட என்ன சொன்னா? உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பா எதுக்குங்கன்னு நீங்களும் கேட்டீங்களா? சரி. அதுக்கு?

'வீட்டுக்குள்ளயும் தாழ்ப்பா இருக்குதுங்க. ஆனா எங்கம்மா கூப்ட்டா நான் தொறந்துருவனுங்க'ன்னா?

அப்படியேவா சொன்னா? அவ சொன்னதுதானா, நீங்க ஏதாச்சும் மாத்திச் சொல்றீங்களா? செவுரு... செவுரு கனமா வேணும்னது அதுக்குத்தானா? லாரிச் சத்தத்துக்கு இல்லையா? அம்மா வெளிய நின்னு கூப்பட்றது உள்ள கேக்கக் கூடாதுன்னுதானா?

அம்மா கூப்பட்றது.

காபி ஆறிப் போச்சுங்க. குடுங்க, சுட வெச்சுக் கொண்டாறன். இல்லீங்க, நான் ஒண்ணும் அழுவல, வெயிலு கண்ணக் கூசுது. இந்தச் செம்பருத்தி மறுபடியும் துளுத்துரும், வேரு இருக்கற வரைக்கும் துளுத்துரும். சின்னதுல இவ இடி இடிச்சா ஓடியாந்து எங்கழுத்தக் கட்டிக்குவா. எங்கிருந்தாலும் 'அம்மாதான் கண்ணு'ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், அழுவய நிறுத்திருவா. அந்தக் கொரலு கேக்கக் கூடாதாமா. எங்கொரலு.

தம்பி.

மிஷின் நின்னுருச்சுங்களா? நூலு மாத்தறாளா, பாருங்க... உங்களுக்குக் காது நல்லாத்தான கேக்குது, சொல்லுங்க. நூலு மாத்தற நேரம் ஆயிருச்சே. இன்னும் ஓடலயே.

புல்லட்டுங்களா?

ஆமாங்க. எனக்கும் இப்பக் கேக்குது. முக்குத் திரும்பிருச்சு. அய்யோ சாமி, இன்னைக்கு வர்ற நாளே இல்லையே. எளநி கூட இல்ல. நீங்க போயிறாதீங்க தம்பி, டேப்பக் கைல வெச்சுட்டு அளக்கற மாதிரி இங்கயே நில்லுங்க. சேரு... சேரு மேல தூசி, இருங்க தொடச்சுர்றன்...

பாருங்க. பாருங்க இந்தக் கைய. அது பாட்டுக்கு முந்தானைய எடுத்துருச்சு. அது பாட்டுக்குத் தொடைக்குது.

தம்பி, இந்தச் சேரத் தூக்குங்க. தூக்கிட்டுப் போய் உள்ள போடுங்க. உள்ளதான். முக்காலியையும். வெளிய ஒண்ணும் இருக்கக் கூடாது, உக்கார்ற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது. வெரசா.

சங்கிலிய எடுங்க. இல்ல, நீங்க பூட்ட வேண்டாம், எங்கிட்டக் குடுங்க. நாந்தான் பூட்டோணும். இந்தச் சனியன் பூட்டு எந்தப் பக்கம் போவுது... ஆங். விழுந்துருச்சு. விழுந்துருச்சில்ல? இழுத்துப் பாருங்க.

வாங்க மாப்ள. ...ஆமாங்க, பூட்டியிருக்குதுங்க. நான்தான் பூட்டுனன். ...இல்லீங்க மாப்ள, இன்னைக்கு உக்கார எடமில்லீங்க. போயிட்டு வாங்க. ...ஆட்டாதீங்க. கேட்ட ஆட்டாதீங்க மாப்ள. நீங்க எத்தன ஆட்டுனாலும் சாவி குடுக்க மாட்டன், கெணத்துல போட்ருவன். இங்க ஆளு இருக்குது, பட்டறக்காரத் தம்பி இருக்குது. பக்கத்து வீட்டுல கேட்டாக் கேட்டுட்டுப் போவுது!

தம்பி, எங்கிட்டயே நில்லுங்க. நாலு பக்கமும் செவுரு வெச்சுருங்க. அவ சொன்ன கனத்துக்கே வெச்சுருங்க, ஒரு கல்லு கூடக் கொறைக்க வேண்டாம்.

கோகிலா! கோகிலா, அம்மாதான் கண்ணு! கேட்ட நான் தொறக்கல. நீயும் தொறக்காத. கேக்குதா? நான் வந்து கூப்ட்டாலும் தொறக்காத. நீ பாட்டுக்குத் தையி!

ஓடுதுங்களா தம்பி? உங்களுக்குக் கேக்குதுங்களா? எனக்குத்தான் கேக்கலயா, இல்ல இன்னும் ஓடலயா?